மணி அடிக்காத சனிக்கிழமை

தூங்கட்டும், எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டு ஜெசிந்தா ஃபேனைக் கூட்டினாள், பிள்ளைக்குக் குளிருமோ என்று குறைத்தாள், சித்திரை வெயிலில் பொன்மலையில் எந்தப் பிள்ளைக்குக் குளிரும், மூளை கீளை இருக்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் கூட்டினாள். கட்டிலில் பக்கத்து வீட்டு மங்கையக்காவின் பேரன் துருவன் குப்புறக் கிடந்தான். மூன்று வயது உடம்பு முழுக்க வேர்வை, வாயோரம் ஒழுகின எச்சில் தலையணை உறையில் வட்டமாகப் பரவியிருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸின் ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கிங் டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம், பாத்திரம் சரியும் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம். மங்கையக்காவின் மருமகனுக்குப் பூனாவுக்கு மாற்றல், மகள் நளினி, பேரன், மங்கையக்கா என்று வீட்டோடு சாயங்கால வண்டியில் கிளம்புகிறார்கள். "பெட்டியத் திறந்து வச்சா உள்ள ஏறிப் படுத்துக்கிறான் ஜெசி, அவனையும் சேத்துக் கட்டிருவோம் போல, செத்த நேரம் உன் வீட்டுல போட்டுத் தூங்க வை, ஒர்க்ஷாப் சங்கு ஊதுனதும் நளினி வந்து தூக்கிக்குவா" என்று கையில் திணித்துவிட்டுப் போயிருந்தாள். திணிக்க வேறு கை கிடைக்கவில்லையா அவளுக்கு. ஜெசிந்தா அவனைப் பாயில் போடத்தான் நினைத்தாள். பாயை விரித்தும் விட்டாள். அப்புறம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு தன் மகன் ஜெரோமின் கட்டிலில் போட்டாள். பழைய ரயில் பெட்டியிலிருந்து கழற்றின பலகைகளை ஏலத்தில் எடுத்து புருஷன் லாசர் செய்வித்த கட்டில், தட்டினால் நல்ல சத்தம் வரும். இருபது வருஷத்துக்கு மேலாக அதில் துவைத்த துணிதான் குவித்துவைப்பது. தட்டினால் நல்ல சத்தம் வரும் என்பதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், அதற்காகத்தானே போட்டாய், மற்றவர்களிடம் மழுப்பு, உன்னிடமேயா மழுப்புவாய். பிள்ளை எழும்போது கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. அவ்வளவுதான். அவன் திருப்பி மூன்று தட்டினால், தட்டினால் என்ன, தட்டினால் என்ன செய்வாய் ஜெசிந்தா, ரயிலை நிறுத்திவிடுவாயா.

எல்லாம் மங்கையக்காவால் வந்தது. விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு கிறிஸ்மஸ் கேக்கை முதல் ஆளாக வந்து வாங்கித் தின்கிற மனுஷி, நல்லவள்தான், நல்லவர்கள் வாயைத்தான் மூட முடிவதில்லை. போன வருஷம் ஒரு நாள் இந்தப் பிள்ளை தத்தக்கா பித்தக்கா என்று உள்ளே வந்து, சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தவளின் புடவையைப் பிடித்து இழுத்து "ஜெசி" என்றான். ஆயா இல்லை, ஆன்ட்டி இல்லை, வெறும் ஜெசி. ஜெரோம் அப்படித்தான் கூப்பிடுவான், அப்பா கூப்பிடுகிறார் நான் கூப்பிட்டால் என்ன என்று, அதற்கு ஒரு குட்டு வாங்குவான், வாங்கிக்கொண்டு மறுபடியும் ஜெசி என்பான். கையிலிருந்த மீன் நழுவித் தொட்டியில் விழுந்தது. பின்னாலேயே வந்த மங்கையக்கா பார்த்துவிட்டாள், வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "உன் புள்ள எங்கயும் போகல ஜெசி. சுத்திக்கிட்டு இங்கயே வந்துட்டான்." உடனே வாயில் வந்ததைச் சொன்னாள் ஜெசிந்தா. "வர்றவன் என் வயித்துக்கு வந்திருக்கலாமே, அட்ரஸ் தப்பி உங்க வீட்டுக்கா போனான்? தபால்காரன் கூட பேரப் பாத்துத்தான்க்கா குடுப்பான்." மங்கையக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததோடு முடிந்திருக்க வேண்டும். லாசர் தினமும் ஜெசி ஜெசி என்று கத்துவது சுவர் தாண்டிக் கேட்கிறது, கேட்டதைத்தான் பிள்ளை சொல்கிறது, இதற்கு மறுபிறவி எதற்கு, ஒரு செங்கல் சுவர் போதும். ஆனால் காது? தூக்கம் வந்தால் அவள் காது மடலைப் பிடித்து உருட்டுகிறானே. உலகத்தில் காதைப் பிடிக்காத பிள்ளை எது, அதுவும் தோடு போட்ட காது. முட்டையில் மஞ்சளை மட்டும் துப்புவது? எல்லாப் பிள்ளையும் துப்பும். இடியென்றால் கட்டிலுக்கு அடியில் ஒளியாமல் ஜன்னலுக்கு ஓடுவது? அதற்குப் பதில் வைத்திருந்தாள், இப்போது மறந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள், அறுபட்ட மீனின் வால் மாதிரி ஏதோ ஒன்று மட்டும் பதில் சொன்ன பிறகும் துடித்துக்கொண்டே இருந்தது.

இந்தக் கேள்வி அவளுக்கு இன்று வந்ததல்ல, கான்வென்டில் எட்டாம் வகுப்பிலேயே வந்து தண்டனை வாங்கித் தந்த கேள்வி. ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் பெனடிக்டா பிறவிக் குருடன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவன் குருடனாகப் பிறந்தது இவன் பாவத்தாலா, பெற்றவர்கள் பாவத்தாலா என்று சீடர்கள் ஆண்டவரைக் கேட்கிறார்கள். ஜெசிந்தா எழுந்து நின்றாள். "பிறக்கும்போதே குருடன்னா, அவன் எப்ப சிஸ்டர் பாவம் செஞ்சான்? அதுக்கு முன்னாடி எங்கயாவது இருந்தானா?" வகுப்பு களுக்கென்று சிரித்தது. "இரண்டு பேர் பாவமும் இல்லைன்னு ஆண்டவர் சொல்லிட்டார்ல, உட்காரு." "அது பதில் சிஸ்டர். நான் கேள்விய கேக்குறேன். சீடருங்க ஏன் அப்படிக் கேட்டாங்க?" மணி அடிக்கும் வரை வாதாம் மரத்தடியில் முழங்காலில் நின்றாள், கட்டெறும்பு கடித்தது. அந்தத் தழும்பு போய்விட்டது, கேள்வி போகவில்லை. போன ஈஸ்டர் முடிந்து புனித நீர் தெளித்து வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் ரெக்ஸிடம் கேட்டுவிட்டாள். சின்ன வயசு, ரோமில் படித்துவிட்டு வந்தவர், முறுக்கு தின்றுகொண்டே பேசுவார். ஆதிக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் மறுபிறவியை நம்பினார்கள், ஒரு மகாராணி சூழ்ச்சி செய்து வேதத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டாள் என்று அவள் போனுக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள், அதைக் காட்டினாள். ஃபாதர் சிரித்தார். "வெட்டவும் இல்ல, ஒட்டவும் இல்லம்மா. அலெக்சாந்திரியாவுல ஓரிஜன்னு ஒரு பெரிய ஞானி இருந்தார். ஆன்மாக்கள் எல்லாம் முதல்ல கடவுள் பக்கத்துல கொதிக்கிற அன்போட இருந்துச்சு, அன்பு ஆற ஆறத்தான் கீழ இறங்கி உடம்புக்குள்ள வந்துச்சுன்னு அவர் ஒரு யோசனையாச் சொன்னார். செத்து முந்நூறு வருஷம் கழிச்சு அது தப்புன்னு திருச்சபைச் சங்கம் கூடித் தீர்ப்புச் சொன்னாங்க." செத்தவனை எழுப்பித் தண்டிப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். "ஆனா ஒரு உடம்ப விட்டு இன்னொரு உடம்புக்கு ஆன்மா தாவுதுங்கறது அப்போஸ்தலர்கள் சொன்னது இல்லன்னு அவரே எழுதி வச்சிருக்கார்மா. அவர் பேரச் சொல்லித்தான் இதையெல்லாம் அனுப்புறாங்க." ஆறிப்போனதுதான் ஆன்மா. அவருக்கு முறுக்கு டப்பாவை நகர்த்திவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றாள். ஓரிஜனுக்குப் பிள்ளை இருந்திருக்காது. இருந்திருந்தால் தலைகீழாகச் சொல்லியிருக்கமாட்டார். கொதித்தது உடம்புதான், தொட முடியாமல் கொதித்தது, ஆன்மா போன பிறகுதான் ஆறியது. கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தது. அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் கோயிலில் மணிகளை எல்லாம் ஒரு தடவை ஆர்ப்பாட்டமாக அடித்து நிறுத்திவிடுவார்கள். அப்புறம் சனிக்கிழமை இரவு உயிர்ப்புப் பூசை வரை மணிக்கு நாக்கு கிடையாது, எதற்கென்றாலும் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த வருஷம் பீடத்தில் கட்டை தட்டுகிற வேலை ஜெரோமுக்கு. ஒன்பது வயது, கவர்னர் பதவி கிடைத்தது போல நடந்துகொண்டான். தவக்காலம் முழுக்க இந்தக் கட்டிலில் தட்டிப் பழகினான். அவள் அடுப்படியிலிருந்து சுவரில் இரண்டு தட்டுவாள், தட் தட், அவன் கட்டிலில் மூன்று தட்டுவான், தட் தட் தட், அதற்கு ஜெசி நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம், லாசருக்குக் கூட தெரியாது, லாசரிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம். புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வியாழன் மணிச்சத்தத்தைப் படுத்தபடியே கேட்டான், நாளைக்குச் சரியாயிருவேன்ல என்றான். வெள்ளி ஆஸ்பத்திரி, மூளைக்காய்ச்சல் என்றார்கள். அது இரும்புக் கட்டில், அவள் தட்டினால் டங் டங் என்று அசிங்கமாகக் கேட்டது, அவன் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலால் ஒரு தட்டு தட்டினான். ஒன்று என்றால் என்ன அர்த்தம் என்று அவர்கள் பேசிவைத்திருக்கவில்லை. சனிக்கிழமை விடியும்போது அவள் தட்டினாள், தட்டினாள், பக்கத்துக் கட்டில்காரி வந்து கையைப் பிடித்தாள். அன்றைக்கென்று பார்த்துப் போனான். பெரிய சனியன்று அடக்கப் பூசை கிடையாது. சாவு மணியும் கிடையாது. "சட்டம்மா, என்னால ஒண்ணும் செய்ய முடியாது, திங்கட்கிழமை வரைக்கும் வச்சிருக்க முடிஞ்சா..." என்று அப்போதிருந்த பெரிய ஃபாதர் இழுத்தார், இந்த வெயிலில் எங்கே வைப்பது, அன்றைக்கே அடக்கம் என்று லாசர் தலையை ஆட்டிவிட்டான். எந்தக் கிழடு செத்தாலும் ஊர் எல்லை வரைக்கும் மணியடித்து அனுப்புவார்கள், என் பிள்ளைக்கு ஒரு மணி இல்லை. கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை முன்னால் கட்டையைத் தட்டிக்கொண்டு நடந்தார். தட் தட் தட். மூன்று மூன்றாகத்தான் தட்டினார். பெட்டிக்குப் பின்னால் நடந்த ஜெசிந்தாவின் கை தானாக எழுந்து காற்றில் இரண்டு தட்டியது, யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள், சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். அன்றிரவு அல்லேலூயாவுக்கு ஊரில் இருக்கிற மணியெல்லாம் சேர்ந்து அடித்தபோது தலையணையால் காதை அமுக்கிக்கொண்டு கிடந்தாள். அதற்கப்புறம் எந்த மரத்தையும் அவள் தட்டியதில்லை. கதவு தட்ட வேண்டிய வீடுகளில் வாசலிலிருந்தே கத்துவாள், ஜெசிந்தாவுக்குத் தொண்டை பெரிசு என்று காலனியில் பேர்.

துருவன் புரண்டு படுத்தான். கை கட்டில் சட்டத்துக்கு மேல் விழுந்தது, விரல் மரத்தில் பட்டது, அவள் குனிந்து காது கொடுத்தாள், ஒன்றுமில்லை, விரல் பட்டது அவ்வளவுதான். தாடையைப் பார்த்தாள். தழும்பு இல்லை. ஜெரோமுக்குத் தாடைக்குக் கீழே தையல் இருந்தது, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து வாங்கியது. ஃபாதர் ரெக்ஸ் கடைசி முறுக்கோடு இன்னொருவரைப் பற்றியும் சொன்னார், லியோன் நகரத்து பிஷப் இரேனியுஸ், ஓரிஜனுக்கும் முந்தினவர். ஆன்மா உடம்பு உடம்பாகப் போகிறது என்றால் போன பிறவி ஏன் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை என்று அவர் கேட்டாராம். மேலே மறதிக் கோப்பை ஒன்றைக் குடிக்கக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள் என்று பதில் வந்ததாம். நீ குடித்தது எல்லாவற்றையும் மறக்கடிக்கிற கோப்பை என்றால், குடித்தேன் என்பது மட்டும் உனக்கு எப்படி ஐயா ஞாபகம் இருக்கிறது என்று கேட்டாராம் பிஷப். ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நம்ம ஆள். சிஸ்டர் பெனடிக்டா அவரையும் மரத்தடியில் நிற்கவைத்திருப்பார். சிரித்த சிரிப்பு இறங்கும்போதுதான் குத்தியது. அப்படியென்றால் இவன் அவனாக இருந்தால், இவன் அந்தக் கோப்பையைக் குடித்துவிட்டு வந்தவன். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறான். குடிக்கும்போது ஒரு தடவை கூட திரும்பிப் பார்க்கவில்லையா, கொஞ்சம் இருங்கள், எங்கள் ஜெசி தட்டுவாள் என்று சொல்லவில்லையா. பால் கொடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறவன், இதை மட்டும் எப்படி முழுசாகக் குடித்தான். அப்படி வந்தவன் நளினியைத்தான் அம்மா என்கிறான், நளினி பாவம், நல்ல பெண், அவளை விட்டால் வேறு யாரை அம்மா என்பான். அப்படியானால் கல்லறைத் தோட்டத்தில் கிடப்பது யார். சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறாளே, கடைசி நாளில் தையல் போட்ட தாடையோடு ஒரு பையன் எழுவான், இந்தத் துருவனும் எழுவான், ஒரே ஆன்மாவை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் என்ன செய்வார்கள், சட்டை மாதிரி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்களா. ஆண்டவர் ஆணித் தழும்போடு எழுந்தார். அப்படியென்றால் தையலும் இருக்கும். இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனை எந்த அடையாளத்தைக் கொண்டு தேடுவது, அங்கே எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள். அவனுக்கு அந்தப் பேரை வைத்தது தப்போ என்று கூட ஃபாதரிடம் கேட்டாள், புனித ஜெரோம் முதலில் ஓரிஜனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு அப்புறம் கிழிகிழியென்று கிழித்தாராமே, அந்தப் பேரை வைத்ததால்தான் அவன் ஆன்மா இப்படி நடுவில் நின்று ஆடுகிறதோ. "பேருக்கும் இதுக்கும் என்னம்மா" என்று எழுந்து கை கழுவினார். பாவம், முறுக்குக்கு வந்த மனுஷன். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கவே இல்லை. என்னை மறந்துவிட்டுப் பக்கத்து வீட்டில் உயிரோடு இருப்பது தேவலையா, என்னை மறக்காமல் செத்தே இருப்பது தேவலையா. எந்தத் தாயாவது இரண்டாவதைச் சொல்வாளா. சொல்லமாட்டாள். உயிரோடு இருக்கட்டும், மறந்தால் மறக்கட்டும், பூனாவுக்குப் போகட்டும், காய்ச்சல் வராமல் இருக்கட்டும். இப்படி நினைத்து முடிப்பதற்குள் உள்ளே ஒருத்தி, கட்டெறும்பு கடித்தும் எழுந்திருக்காத ஒருத்தி, மாட்டேன், எனக்கு என் பிள்ளைதான் வேண்டும், என்னைத் தெரிந்த பிள்ளைதான் வேண்டும் என்று முழங்காலில் நின்றாள்.

ஒர்க்ஷாப் சங்கு ஊதிவிட்டது. இவ்வளவு சீக்கிரமா. சுவருக்கு அந்தப் பக்கம் டேப் சத்தம் நின்றிருந்தது, எப்போது நின்றது. துருவனின் இமை ஓடியது, காலை உதைத்தான், உதடு சப்புக்கொட்டியது. தட்டாதே. தட்டாமல் விட்டால் இவன் ஜெரோமாகவே ரயில் ஏறுவான், ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டு கிடக்கலாம், பூனாவில் என் பிள்ளை என்று. தட்டினால் ஏதோ ஒன்று முடிந்துவிடும். எது முடிந்தாலும் தாங்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், முழங்கால் மடக்கென்றது. கையைப் பார்த்தாள், காலையில் கழுவின மீனின் செதில் ஒன்று நகக்கண்ணில் ஒட்டியிருந்தது, அதைப் பிய்த்துப் போட்டாள், பிய்த்த கை அப்படியே போய்த் தட்டியது. தட் தட். அவள் தட்டினாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மரம் பழைய மாதிரியே பேசியது. பிள்ளை கண்ணைத் திறந்தான். அவளைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான், பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பினான். கை சட்டத்தின் மேலேயே இருந்தது. ஜெசிந்தா அந்தக் கையைப் பார்த்தாள். ஐந்து விரலையும் பார்த்தாள்.

"யாரு?" என்றான் துருவன்.

தட்டின கையை ஜெசிந்தா மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "கதவத் தொற ஜெசி" என்றான் அவன் தூக்கக் கலக்கத்தில், பெரிய மனுஷன் மாதிரி, "யாரோ வந்திருக்காங்க." "யாருமில்லடா கண்ணா." "இல்ல, தட்டுறாங்க." கட்டிலைப் பிடித்து எழுந்து போய்க் கதவைத் திறந்தாள், திறக்காவிட்டால் விடமாட்டான். வெயில் முகத்தில் அடித்தது. முற்றத்தில் நளினி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நெற்றியெல்லாம் பழைய தூசி. "முழிச்சுட்டானாக்கா? படுத்தினானா?" அம்மா என்று கத்திக்கொண்டு அவன் கட்டிலிலிருந்து குதித்த சத்தம் பின்னால் கேட்டது, அவள் இடுப்பை உரசிக்கொண்டு ஓடினான், நளினியின் கழுத்தைக் கட்டி, உடனே அவள் காது மடலைப் பிடித்துக்கொண்டான். தோடு போட்ட காது. ஜெசிந்தா உள்ளே போய் அவன் சட்டையை எடுத்துவந்து போட்டுவிட்டாள், பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள், பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்தாள், ரயிலில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் ஒடித்துவிடுவேன் என்று மிரட்டினாள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் மங்கையக்கா அவளைக் கட்டிக்கொண்டாள், விபூதி தோளில் ஒட்டியது. "கவலப்படாத ஜெசி. உன் புள்ளய நான் நல்லாப் பாத்துக்குறேன்." "என் புள்ள இங்க கல்லறைத் தோட்டத்துல இருக்கான்க்கா" என்றாள் ஜெசிந்தா. "நீங்க உங்க பேரனப் பாத்துக்குங்க. பல்லு விளக்காம இனிப்பு திங்கிறான், அதைக் கவனிங்க." மங்கையக்கா அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். ஆட்டோ கோயில் திருப்பத்தில் மறையும் வரை அவன் பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினான். அவளுக்கா, தெருவுக்கா, தெரியவில்லை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கையாட்டும்.

லாசர் வந்து சைக்கிளை நிறுத்தினான். "போயிட்டாங்களா ஜெசி?" என்றான். பூட்டிய பக்கத்து வீட்டைப் பார்த்தான், உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தான், துணி இல்லாத கட்டில், நடுவில் ஒரு சின்னப் பள்ளம், தலையணையில் ஈரம். போய் அடுப்பைப் பற்றவைத்து அவனே தண்ணீர் வைத்தான், கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை. ஜெசிந்தா அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். சூடு இன்னும் இருந்தது, ஆறிக்கொண்டிருந்தது. காதை மரத்தோடு வைத்தாள். இனிமேல் தட்டமாட்டாள். அவள் முறை முடிந்தது, இரண்டு தட்டியாயிற்று, இனி அவன் முறை, இன்றைக்கில்லை, இந்த வீட்டில் இல்லை, அவள் சவப்பெட்டிக்குள் படுத்த பிறகு, கடைசி நாளில் எப்போதோ. தையல் போட்ட தாடையோடு அவன் வந்து மேலேயிருந்து தட்டட்டும். அப்போது அவள் யாரு என்று கேட்கமாட்டாள்.